ஊசிக்கு முன்னால் வந்தவர்கள்

லென்ஸைத் துடைத்தாகிவிட்டது, நாற்காலியை ஏற்றி இறக்கியாகிவிட்டது, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துத் திரும்பவும் போட்டாகிவிட்டது, டீயும் குடித்தாகிவிட்டது, ஏலக்காய் ஜாஸ்தி, இனிமேல் ஒத்திப்போட ஒன்றும் பாக்கி இல்லை, பார், சுடர்க்கொடி, பார். மைக்ராஸ்கோப்பின்மேல் குனிந்தே கழுத்து தேய்ந்துபோன டாக்டர் சுடர்க்கொடி, திருச்சியில் பாதிப் பேருடைய கட்டிகளைப் பார்த்துச் சொன்ன பத்தாலஜிஸ்ட், ஒரு கண்ணாடித் துண்டைப் பார்க்கப் பயந்து ஏலக்காயைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பார்க்க வேண்டிய ஸ்லைடே இல்லை இது. சொந்தக்காரர்கள் ஸ்லைடுக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது இந்த லேபில் நானே வைத்த சட்டம், கையெழுத்து பெனடிக்ட்டுடையது, அவர் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு எதிர் மேசையில் வேறு யாருடைய தைராய்டையோ பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்க்காதமாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கட்டிக்குள் காவல் அணுக்கள் நூற்றுக்கு எவ்வளவு என்கிற எண்ணைக் கேட்டால் சொல்லமாட்டார். அதுவும் நாங்கள் வைத்த வழக்கம்தான். ஒரு ஸ்லைடை இருவரும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒருவர் எண் மற்றவர் காதில் விழக்கூடாது, பிறகு சின்னப் பிள்ளைகள் மாதிரி ஒன்று இரண்டு மூன்று சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். முன்னால் சொல்பவரின் எண் பின்னால் சொல்பவரின் கண்ணைக் கெடுத்துவிடும், பல தடவை கெடுத்திருக்கிறது. சரி. மங்கையின் மார்பிலிருந்து எடுத்த கட்டி. மங்கையர்க்கரசி, என் வீட்டுக்காரரின் தங்கை, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் போன் பண்ணுவாள். அதற்குள் பார்த்தாக வேண்டும்.

முதலில் சின்ன லென்ஸ். இளஞ்சிவப்பாகப் பரந்த நிலம், அதில் தீவு தீவாகப் புற்றணுக்கள், பெரிசு பெரிசாக, கோணல்மாணலாக, வரிசையில் நிற்கத் தெரியாத கூட்டமாக. தீவுகளுக்கு நடுவே இருக்கும் திசுவில், சந்து பொந்துகளில், கருநீலப் பொட்டுகள், கை தவறிக் கடுகைக் கொட்டினாற்போல. இருக்கிறார்கள். வந்திருக்கிறார்கள். லிம்போசைட்டுகளை, உடம்பின் காவல் அணுக்களை, நான் மட்டும்தான் அவர்கள் இவர்கள் என்பேன், பெனடிக்ட் கிண்டல் செய்வார், மேடம் ஆளுக்கொரு பேரும் வைத்துவிடுங்கள் என்பார். செய்யட்டும். கல்லூரியில் மற்றவர்கள் நரம்பணுவுக்கு வாலும் கிளையும் வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு இந்தக் கறுப்புப் பொட்டின்மேல்தான் கண். பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு உருண்டை, சுற்றிலும் பேருக்கு ஒரு விளிம்பு. ரத்தத்தோடு ரத்தமாக ஓடிக்கொண்டிருந்தது ஓரிடத்தில் வேகம் குறைந்து, குழாய்ச் சுவரைத் தடவித் தடவி உருண்டு, நின்று, தன்னையே நசுக்கிக்கொண்டு இண்டு இடுக்கு வழியாக வெளியே வருகிறது. மூளை கிடையாது, கண் கிடையாது, இந்த வீடுதான் என்று கைகாட்டிவிட ஆள் கிடையாது. உடம்பிலேயே பிறந்து, உடம்பின் சாயலிலேயே நிற்கும் ஒரு அணுவைத் தொட்டுப் பார்த்து, நீ நம்ம ஆள் இல்லை என்று கண்டுபிடிக்கிறது. எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும். அப்பா கறுப்புச்சட்டைக்காரர், கும்பிடுவதற்கு எங்களுக்கு ஒன்றையும் விட்டுவைக்காமல் வளர்த்தார். புகுந்த வீடு அப்படியே நேர் எதிர், அண்ணனுக்கு ஞானசம்பந்தம் என்றும் தங்கைக்கு மங்கையர்க்கரசி என்றும் பெயர் வைத்த வீடு. இன்று காலை என் வீட்டுக்காரர் தாயுமானவர் சன்னதிக்கு ஏறிப் போய்விட்டு மூச்சு வாங்க வந்து திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உனக்கு எங்கே வைக்கட்டும் என்று கேட்கக்கூடத் தைரியம் இல்லாமல். பையில் போடுங்கள் என்றேன். அவர் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன், இல்லாவிட்டால் வாங்கியிருக்க மாட்டேன்.

மங்கைக்கு நடுக்கம் எல்லாம் கிடையாது. இருந்தாலும் நமக்குக் காட்டமாட்டாள். புருஷனை விட்டுவிட்டு வந்தபோதும் அப்படித்தான், ஒரு பெட்டி, ஒரு குக்கர், உறையூரில் மாடி வீடு, யாரும் வந்து பரிதாபப்பட வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். என் அத்தைக்கு, அதாவது அவள் அம்மாவுக்கு, புற்றுநோய் வந்து கீமோ கொடுத்தபோது கூடவே இருந்து வாந்தி அள்ளியவள் அவள்தான், நாங்கள் எல்லோரும் வந்து வந்து போனோம். அத்தை அந்தக் கீமோவுக்கு நடுவிலேயே போய்விட்டார். அது வேறு வகை, வேறு காலம், முற்றிப்போன நிலை, எல்லாம் சொல்லியாகிவிட்டது. கேட்டுக்கொண்டாள். இப்போது இவளுக்கு வந்திருப்பது டிரிப்பிள் நெகட்டிவ், அதாவது ஹார்மோன் மாத்திரைக்கும் பிடி கொடுக்காது, இலக்கு வைத்துக் கொடுக்கும் ஊசிக்கும் பிடி கொடுக்காது, ஆபரேஷனுக்குப் பிறகு கையில் இருக்கிற ஒரே ஆயுதம் கீமோதான். கட்டி சின்னது, அக்குளில் பரவவில்லை. தையல் பிரித்த மறுநாளே பள்ளிக்கூடம் போய்விட்டாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கரும்பலகை இல்லாத குறைதான், எனக்கு நிறுவிக் காட்டினாள். "அண்ணி, ரெண்டு வழியாவும் பார்த்துட்டேன். நீங்க சொல்ற அந்தக் காவல் அணு நெறைய இருந்துச்சுன்னா அதுங்களே பார்த்துக்கும், கீமோ எதுக்கு? இல்லவே இல்லைன்னா என் உடம்பே என்னைக் கைவிட்டுருச்சுன்னு அர்த்தம், அப்பவும் கீமோ எதுக்கு? ஆக எப்படி இருந்தாலும் கீமோ வேண்டாம். நிறுவப்பட்டது." ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். இவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். நான் சொன்னேன், முதல் வரியே தப்புடி, அவர்கள் நிறைய இருக்கிற இடத்தில்தான் மருந்தும் நன்றாக வேலை செய்கிறது, இரண்டாவது வரி அதைவிடத் தப்பு, அவர்கள் இல்லாத இடத்தில்தான் மருந்து இன்னும் அவசியம். அதற்கு அவள், "மொதல்ல நம்பர் வரட்டும். நூத்துக்கு இவ்வளவுன்னு சொன்னா எதுல நூறுன்னு சரியா சொல்லணும் அண்ணி, டாக்டருங்க யாருக்குமே அது சொல்லத் தெரியல" என்றாள். உயிர் போகிற விஷயத்தில்கூட பகுதியும் தொகுதியும் கேட்கிற ஜென்மம். எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அப்பளம் பொரிக்கப் போனேன்.

பெரிய லென்ஸைத் திருப்பு. இதோ, இந்த மூலை. அம்மா! இது என்ன கூட்டம்! தீவுகளுக்கு நடுவே இடமே இல்லை, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நிற்கிறார்கள், இளஞ்சிவப்பே தெரியவில்லை, எல்லாம் கருநீலம். எழுபது. எழுபத்தைந்தே சொல்லலாம். இந்த எண் அறுபதைத் தாண்டி இருந்தவர்கள் நெடுங்காலம் நன்றாக இருந்திருக்கிறார்கள், படித்திருக்கிறேன், இதே லேபிலும் பார்த்திருக்கிறேன், வருஷா வருஷம் வந்து நின்று என்ன டாக்டர் இளைச்சுட்டீங்க என்று என்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மங்கை இருப்பாள். மங்கை இருந்து ரிட்டையர் ஆகி, பென்ஷன் ஆபீசில் போய் வட்டியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று சண்டை போடுவாள். சிரிப்பு வந்துவிட்டது, பெனடிக்ட் தலையைத் தூக்கிப் பார்க்கிறார், பார்க்கட்டும், நான் சிரிப்பேன், என் நாத்தனாரின் உடம்பு என்ன உடம்பு, யாரையும் கேட்காமல் எப்படிப் படை திரட்டியிருக்கிறது. கொஞ்சம் இரு. அது என்ன பழுப்பு? ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்து. துரு நிறத்தில் பொடிப்பொடியாக, அதை விழுங்கிய அணுக்கள், அதை ஒட்டிக் கொழுப்பு உருகிய ஓட்டைகள், புதிதாகப் பின்னிய தழும்பு. பழைய ரத்தம். இங்கே ரத்தம் கசிந்து ஆறியிருக்கிறது. ஊசி. ஆபரேஷனுக்கு முன்னால் பயாப்ஸி எடுக்க ஊசி உள்ளே போன வழி இது. இந்தக் கூட்டத்தில் பாதி, பாதிக்கு மேலேகூட, புற்றைப் பார்த்து வந்தவர்கள் இல்லை, ஊசி குத்திய புண்ணைப் பார்த்து வந்தவர்கள். முள் குத்தினால் வருவார்கள் இல்லையா, அப்படி. இதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே தொண்டை கிழியக் கத்துகிறேன், ஊசி போன இடத்தை விட்டுவிடு, கூட்டமாக இருக்கிற அழகான இடத்தில் போய் நின்றுவிடாதே, மொத்தத்தையும் பார்த்துச் சராசரி சொல் என்று. நானே போய் நின்றேன், ஆசையாக, வாயைப் பிளந்துகொண்டு.

திரும்பவும் முதலிலிருந்து. ஊசி வழியையும் அதைச் சுற்றிக் கொஞ்ச தூரத்தையும் மனசில் கோடு போட்டுத் தள்ளிவிடு. வலது ஓரம். இங்கே யாரும் இல்லை. தீவுகள் மட்டும் பெரிசு பெரிசாக, நடுவில் வெறும் இளஞ்சிவப்பு, எங்கோ ஒரு பொட்டு, எங்கோ இன்னொரு பொட்டு. பத்து, அதுவே தாராளம். இதுதான் மெய்யோ, அங்கே பார்த்ததெல்லாம் ஊசி காட்டிய வேடிக்கையோ? பத்து என்று சொன்னால் என்ன சொல்வாள், பார்த்தீங்களா அண்ணி, என் உடம்பே கைவிட்டுருச்சு, இரண்டாம் வழி, நிறுவப்பட்டது. எழுபது என்றாலும் வம்பு, அதுங்களே பார்த்துக்கும், முதல் வழி. நடுவில் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் என்ன, நாற்பது என்று ஒரு பொய், எந்த வழியிலும் அடங்காத எண். பெனடிக்ட் வேறு எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வேன், அது ஒரு பக்கம், மங்கையிடம் பொய் சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள், பிள்ளைகள் காப்பியடித்ததைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே பழகியவள். கீழே இறங்கு. இங்கே இருக்கிறார்கள், கூட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கிறார்கள். நாற்பது. அடுத்த இடம், ஐம்பது இருக்குமோ, வேண்டாம், நாற்பதே போதும், ஆசைப்படாதே, இப்போதுதான் ஒரு தடவை அசடு வழிந்தாய். இடது ஓரம், நன்றாகவே இருக்கிறார்கள், முப்பத்தைந்து என்று வைத்துக்கொள். ஏன் முப்பத்தைந்து? தெரியவில்லை. எண்ணை மேலே ஏற்றினால் ஏதோ பிடுங்கிக்கொண்டு போய்விடும்போல் இருக்கிறது.

ஸ்லைடு டிரேயில் அந்தப் பழைய பயாப்ஸி ஸ்லைடும் இருக்கிறது. பெனடிக்ட்தான் எடுத்து வைத்திருக்க வேண்டும், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போது நான் அதைப் பார்க்க மறுத்துவிட்டேன். முடிவு தெரிந்தால் போதும், முகம் பார்க்க வேண்டாம் என்று வராந்தாவில் போய் நின்றேன். இப்போது போடு. நூல் நூலாக நாலைந்து துண்டுகள், மழைக்கால மண்புழு மாதிரி. இது அந்த ஊசியே முதன்முதலாக உள்ளே போய் அள்ளிக்கொண்டு வந்த சதை. இதற்கு முன்னால் இங்கே புண் கிடையாது, தழும்பு கிடையாது, துரு கிடையாது. குத்துவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்ததோ அதுதான் இது. பெரிய லென்ஸ். இருக்கிறார்கள். தீவுகளின் ஓரமெல்லாம் இருக்கிறார்கள், சிலர் தீவுக்குள்ளேயே நுழைந்து, தங்களைப்போல நாலு மடங்கு பெரிய அணுவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பக்கத்தில் ஒரு புற்றணு சுருங்கிக் கறுத்துச் செத்துக் கிடக்கிறது. இத்தனை பேர் ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்க முடியாது, மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்திருக்க வேண்டும். யார் கூப்பிட்டது உங்களை? ஸ்கேன் எடுக்கவில்லை, டாக்டர் பார்க்கவில்லை, அவள் கைக்கே தட்டுப்படவில்லை. அவள் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தாள், நான் அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல மறந்து அசடு வழிந்துகொண்டிருந்தேன், அப்போதே வந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். என் தொழிலில் இத்தனை வருஷம் ஒரு பெருமை இருந்தது, முதலில் பார்ப்பவள் நான் என்று. நான் முதல் இல்லை. எனக்கு வெகு முன்னால் இவர்கள் பார்த்துவிட்டார்கள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு லென்ஸெல்லாம் கலங்கலாகிவிட்டது, துடைக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே துடைக்க வேண்டியிருக்கிறது.

"மேடம், ரெடியா?" பெனடிக்ட் நாற்காலியோடு உருண்டு வந்துவிட்டார். ரெடி என்று தலையை ஆட்டினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு." நான் முப்பத்தைந்து என்றேன், அவர் ஐம்பது என்றார். "ஊசி போன எடத்தைச் சேர்த்துட்டீங்க" என்று பாய்ந்தேன். அவர் சிரித்தார். "அதைத் தள்ளிட்டுத்தான் மேடம் அம்பது. சேர்த்தா அறுபதுக்கு மேல போகும். வாங்க, சேர்ந்து பார்ப்போம்." இரண்டு பேர் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். வலது ஓரத்தைக் காட்டினேன், பத்து என்றேன், பத்துதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அது ஒரு ஓரம், ஒரு மூலை. கீழ்ப்பக்கத்தைக் காட்டி எவ்வளவு என்றார். நாற்பது என்று வாயில் வந்தது, பார்த்தால் ஐம்பதைத் தாண்டி இருந்தது. இடது ஓரம். முப்பத்தைந்து என்று நான் வைத்த இடம். பட்டவர்த்தனமாக அறுபது இருந்தது அங்கே, எந்தப் பிள்ளையும் சொல்லும். "வேற யாரோடதாவது இருந்தா நீங்களே அம்பத்தஞ்சு போட்டிருப்பீங்க மேடம். நம்ம வீட்டு ஆளுன்னதும் கை கஞ்சத்தனம் பண்ணுது" என்றார். நல்ல மனுஷன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆசை ஒரு பக்கம் இழுத்தது, அதைச் சரிசெய்கிறேன் என்று பயம் இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, நடுவில் அவர்கள் பாட்டுக்கு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். ஐம்பது என்று பெனடிக்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐம்பது, நல்ல எண். ஆனால் எந்த வழியில் கொண்டுபோய் அதை அடக்கப்போகிறாளோ, யோசித்து முடிப்பதற்குள் போன் அடித்துவிட்டது.

"சொல்லுங்க அண்ணி." பின்னால் பிள்ளைகள் இரைச்சல், டிபன் டப்பா மூடிகள் விழும் சத்தம். ஐம்பது என்றேன். "எதுல?" என்றாள் உடனே. தெரியும், கேட்பாய் என்று தெரியும். "நீ பிழைக்கிறதுக்கு அம்பதுன்னு நெனச்சுக்காதடி. கட்டியில புற்றணுக்களுக்கு நடுவுல இருக்கிற எடம் நூறு சதுர அடின்னா, அதுல அம்பது சதுர அடியில அவங்க நிக்கிறாங்க. அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம். இவ்வளவு பேர் நிக்கிறவங்களுக்குத் திரும்ப வர்றது கொறைச்சல், மருந்தும் நல்லா வேலை செய்யுது. வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா நல்ல நம்பர். நான் சந்தோஷமா இருக்கேன்." அந்தப் பக்கம் கணக்குப் போடுகிறாள். நான் விடாமல் பேசினேன், பேச்சு நின்றால் நிறுவிவிடுவாளோ என்று பயம், ஊசி குத்தின இடத்துக் கூட்டத்தைப் பார்த்து முதலில் ஏமாந்துபோனதைச் சொன்னேன், அதைத் தள்ளியதைச் சொன்னேன். "பழைய பயாப்ஸியையும் எடுத்துப் பார்த்தேன் மங்கை. ஊசிக்கு முன்னாடியே வந்திருக்காங்க." "முன்னாடின்னா எப்ப?" "எப்பன்னு தெரியாது. நீ குளிக்கும்போது கையில தட்டுப்பட்டுச்சே, அதுக்கும் ரொம்ப முன்னாடி." "எனக்கே தெரியாதப்பவா?" "உனக்கே தெரியாதப்ப."

இரைச்சல் குறைந்தது, எங்கோ நடந்து போகிறாள், ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். பிறகு ஒரு சத்தம் கேட்டது, என்னவென்று எனக்குப் புரியவில்லை, இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத சத்தம், அத்தை போன அன்றைக்குக்கூடக் கேட்காதது. மங்கை அழுதுகொண்டிருந்தாள். "நான் தனியா கெடக்கேன்னே நெனச்சுட்டு இருந்தேன் அண்ணி. அந்த வீட்டுல, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கக்கூடப் பயந்துகிட்டு." நான் இருக்கிறேனேடி என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, நான் எங்கே இருந்தேன். அழட்டும் என்று காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம், குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம். கொஞ்சம் பொறுத்து நானே மெல்ல ஆரம்பித்தேன், "மங்கை, அன்னைக்கு நீ நிறுவினேல்ல, அந்தக் கணக்கு..." "தப்பு அண்ணி" என்றாள், பழைய குரல் பாதி வந்துவிட்டிருந்தது. "மொத வரியே தப்பு. எழுதும்போதே தெரியும். பயத்துல போட்ட கணக்கு." "கீமோவுக்கு நாள் கேளுங்க" என்றாள் என் நாத்தனார், "அதுங்க அத்தனையும் அங்க நிக்கும்போது நான் மட்டும் ஓடிப்போனா நல்லாவா இருக்கும்?"